இருநூற்று நாற்பது நாள் சாப்பாடு

எண்பது வருடமாக எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் அறிவியல் சாகச நாவல் அது. எங்கள் பதிப்பகம் மறுபதிப்பு போடுகிறது. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது என் வேலை. தற்காலிக வேலைதான். இந்தப் புத்தகம் முடிந்ததும் நிரந்தரம் என்று பதிப்பக ஆசிரியர் சொல்லியிருந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்பதால், அம்மா அக்கம்பக்கத்தில் நிரந்தரம் என்றே சொல்லிவிட்டாள்.

பழைய பிரதியை ஒருவர் நிறுத்தற்குறிகளோடு உரக்க வாசிக்க, மற்றவர் புதிய தாளில் ஒப்பிட வேண்டும். வாசிப்பவர் கமா அண்ணன். இருபது வருடப் பழக்கத்தில் டீ கேட்டால்கூட அப்படித்தான் கேட்பார்.

"பேராசிரியர் சிரித்தார் புள்ளி பெண்தானே கமா பயப்படத்தான் செய்வாள் புள்ளி."

"காலையிலேயே வயித்தெரிச்சலக் கிளப்பாதீங்கண்ணா."

"நானா எழுதினேன்? தாளப் பாரும்மா."

ஐந்து ஆண்களும் ஒரு சமையல்காரியும் இரும்புக் கோளத்தில் ஏறி வேறொரு கிரகத்துக்குப் போகிறார்கள். காற்றின் எடையைப் பற்றிப் பேராசிரியர் மூன்று பக்கம் பேசுகிறார். சமையல்காரிக்குப் பெயர்கூட இல்லை. "கோளத்தைப் பார்த்துக்கொள், சாயங்காலம் வந்துவிடுகிறோம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஐவரும் இறங்குகிறார்கள். சண்டை, எரிமலை, ஓட்டம். கடைசியில் அந்தக் கிரகத்து ராஜா கொடுத்த வேறொரு ஓடத்தில் வீடு திரும்புகிறார்கள். கைதட்டல், பதக்கம், முற்றும்.

"அண்ணா, சமையல்காரி எங்க?"

அவர் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். "அட கமா விட்டுட்டு வந்துட்டானுங்க!"

வீட்டில் சொன்னேன். முப்பது வருடம் தொழிற்சாலை கேன்டீனில் சமைத்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "சாமான் எத்தனை நாளைக்கு இருந்துச்சாம்?"

தேடிப் பார்த்தேன். கோளம் இறங்கிய அன்று கையிருப்பு ஆறு பேருக்கு நாற்பது நாள். தனி ஆளுக்கு இருநூற்று நாற்பது. அதற்குப் பிறகு? இதைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஒரே ஒரு அடிக்குறிப்பாவது போடுங்கள் என்று ஆசிரியரிடம் நீட்டினேன்.

"பதினாலு தடவை படிச்சிருக்கேன். இதுல ஏதும்மா சமையல்காரி?"

"அஞ்சு பேரும் பதினோரு அத்தியாயமா சாப்பிடறாங்களே சார், யார் சமைச்சது?"

"அந்தக் காலத்துக் கதை. இந்தக் காலத்துக் கண்ணால பாக்கக் கூடாது."

"போனது ஆறு, வந்தது அஞ்சு. எந்தக் காலத்துக் கண்ணால பாத்தாலும் ஒண்ணு குறையுது சார்."

அவர் அச்சுக்கு அனுப்பும் படிவத்தை என் பக்கம் தள்ளினார். 'எழுத்தும் பொருளும் சரிபார்க்கப்பட்டன.' கமா அண்ணன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். 'பொருளும்' என்ற சொல்லை அடித்துவிட்டு நானும் போட்டேன்.

ஆசிரியர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஆறு மாசம் போகட்டும். உனக்குப் பக்குவம் பத்தல."

புத்தகம் அடிக்குறிப்பில்லாமல் அப்படியே வெளிவந்தது.

"கதையில வர்றவளுக்காக வேலையக் கெடுத்துக்கிட்டியாடி?" என்றாள் அம்மா.

"வேலை போகலம்மா. நிரந்தரமாகல, அவ்வளவுதான்."

"ஒரு கையெழுத்து! கண்ண மூடிக்கிட்டுப் போட்டா என்ன கொறஞ்சா போயிடுவ?"

வரிக்கு வரி கண்ணைத் திறந்து படி என்று என் தலையில் குட்டிக் குட்டி வளர்த்தவள் இவள்.