நுரைக்கூடு

மூன்று நாளாக ஆண்மீன் வாயால் நுரை கட்டியது. திங்கட்கிழமை காலை, மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் மூலையில் மிதந்த அந்த நுரைக்குள் மணல்போல முட்டைகள் தெரிந்தன. அருட்பிரகாசம் எருக்கலம்பிட்டி நஸாருக்குப் போன் எடுத்தான். மன்னாரில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் நஸார்தான் அந்தச் சோடிப் பைட்டர் மீன்களைக் கொடுத்தவர்.

"முட்டை போட்டிட்டாவோ? அப்ப பொம்பிளையை உடனே எடுத்திடுங்கோ அண்ணன். விட்டா முட்டையைத் திண்டிடுவா. மிச்சத்தை அவன் பாப்பான்."

"நான் என்ன செய்ய?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. மூடியைப் போட்டிட்டுச் சும்மா இருங்கோ. கடலுக்குப் போன ஆக்களுக்கு அதுதான் வராத தொழில்," என்று நஸார் சிரித்தார்.

பெண்மீனைக் கோப்பையால் மொண்டு வேறாக விட்டான்.

முதுகெலும்பு விலகி அவன் படகேற முடியாமற்போன பிறகுதான் மனைவி செலீனா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். நாலு வருடம். இந்த வெள்ளிக்கிழமை அவள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கவேண்டும்; இல்லாவிட்டால் ஊருக்கு வரவேண்டும். "உங்கட மீன் குஞ்சு பொரிச்சு, அதுகள் தப்பினா வந்திடுறன்," என்று போன கிழமை சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

புதன்கிழமை முட்டைகள் பொரித்தன. குஞ்சுகள் இமைமயிர்போல நுரையிலிருந்து தொங்கின. ஒன்று கழன்று விழுந்தால் ஆண்மீன் பாய்ந்து வாயில் கவ்வி மேலே கொண்டுபோய் ஒட்டியது. அது தின்னவில்லை, ஓயவில்லை. மத்தியானம் நுரையின் கீழே அசையாமல் நின்று செவுளை அடித்தது.

அதற்கு மூச்சு முட்டுகிறது என்று அவனுக்குப் பட்டது. படகை விட்டபின் ஒரு வருடம் நண்டு வாங்கும் முதலாளியின் கடற்கரை வாடிக் கொட்டிலில் உயிர்நண்டுத் தொட்டிகளைப் பார்த்தவன் அவன். ஒருநாள் அவன் சாப்பிடப் போன நேரம் மின்சாரம் நின்று, தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டரும் நின்றது. திரும்பி வந்தபோது நண்டுகள் கால் விரித்துக் கிடந்தன. "காத்தில்லாட்டி எந்தச் சீவனும் சாகும், மடையா!" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கத்தினார்.

அதே வாடிக்குப் போய்ப் பழைய மோட்டரொன்றை இரந்து வாங்கிவந்தான். குழாயைப் பெட்டிக்குள் விட்டான். குமிழிகள் எழுந்தன. மனம் ஆறிக் கோயிலுக்குச் செபமாலை சொல்லப் போனான்.

வந்து பார்த்தபோது கூடு இல்லை. தண்ணீர் கொதிப்பதுபோலச் சுழன்றது. குஞ்சுகள் அடியில் உருண்டன. மோட்டரைப் பிடுங்கினான். ஆண்மீன் ஒவ்வொன்றாக வாயில் எடுத்தது. பொறுக்குகிறது என்றுதான் முதலில் நினைத்தான். மேலே கொண்டுபோகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"மோட்டரோ?" என்றார் நஸார் போனில். "அல்லாவே! அது மேல வந்து வாயால மூச்சு எடுக்கிற சாதி அண்ணன். அதுக்கேன் காத்து?" கொஞ்சம் பொறுத்து, "ஒரு மாதத்தில இன்னொருக்கா விட்டுப் பாப்பம்," என்றார்.

வெள்ளிக்கிழமை செலீனா போன் எடுத்தாள். "குஞ்சுகள் நீந்துதுகளோ?"

ஓம் என்று சொன்னால் வந்துவிடுவாள். வாய் வரைக்கும் வந்த சொல்லை அவன் விழுங்கினான்.

"ஒண்டும் தப்பேல்லை."

"என்ன நடந்தது? தேப்பன் மீன் திண்டிட்டானோ?"

"ஓம்," என்றான். மோட்டரைப் பற்றிச் சொல்லவில்லை.

"சரி. அப்ப கையெழுத்தை வைக்கிறன்."

இருவரும் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு யாரோ அவளை அரபியில் கூப்பிட்டார்கள்.