லாரிக்கு எட்டு ஜிபி

கணக்குப் போடுகிற கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று கடைக்காரன் பேச்சிராஜ் கேட்டபோது, பக்கத்து நாற்காலியில் என் மாமியார் ஹைருன் பீவி உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்ல வழியில்லை. தையல் கணக்கு நிறைய இருக்கிறது என்றேன். எவ்வளவு கணக்கு இருந்தாலும் கார்டு தேவைப்படாது, வீணாகக் காசைக் கொட்டாதீர்கள் என்று அந்த நல்ல மனுசன் கொட்டேஷனில் அதை அடித்தான். தென்காசியில் இத்தனை கடை இருக்க, இப்படி நேர்மையான ஒருவன் கையிலா நான் வந்து மாட்டவேண்டும்?

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் இத்ரீஸ் சவூதியில் தம்மாமில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். ஆறு நாளும் நிஜ லாரி ஓட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ரூமில் உட்கார்ந்து லேப்டாப்பில் லாரி ஓட்டுவார். அப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது. முதலில் நானும் தலையில் அடித்துக்கொண்டேன். இன்னொரு லாரியை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போகலாம், காதில் மாட்டிக்கொண்டு பேசியபடியே போகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம். சேர்ந்து இருந்தது மொத்தமாக ஒரு வருஷம் தேறாது. கடையத்தில் எங்கள் வீட்டுக்கு அவருடைய போன் வந்தால் அது பொதுச்சொத்து. ஸ்பீக்கரில் போட்டு, மாமி நடுவில் உட்கார்ந்து, முட்டுவலியில் ஆரம்பித்துப் பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது வரைக்கும் சொல்லி முடித்து என் கையில் தரும்போது அந்தப் பக்கம் அவருக்குக் கொட்டாவி வந்திருக்கும். பிறகு என்ன என்பார். ஒன்றுமில்லை என்பேன். வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தக் குரல் எனக்கு மட்டும் வேண்டும். அதற்கு லாரியில்தான் ஏறவேண்டும் என்றால் ஏறிவிட்டுப் போகிறேன்.

அதனால் பொய்யை மாற்றினேன். எம்பிராய்டரி டிசைன் கம்ப்யூட்டரில் வரையப்போகிறேன் என்றேன். பேச்சிராஜ் முகம் தெளிந்து இரண்டு கார்டுகளை மேஜையில் வைத்தான். ஒன்று புதுசு, நாலு ஜிபி, ஒரு விசிறி. இன்னொன்று யாரோ விற்றுவிட்டுப் போன பழசு, எட்டு ஜிபி, இரண்டு விசிறி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். டிசைனுக்குப் புதுசே தாராளம் என்றான். மாமி இரண்டையும் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு துணியில் பூப்போட இரண்டு விசிறி என்னத்துக்கு, சாரல் காலத்தில் வீட்டு ஃபேனையே போடுவதில்லையே என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. எதை எடுக்கவேண்டும் என்று வீட்டுக்காரர் காலையிலேயே வாய்ஸ் அனுப்பியிருந்தார். அதைப் பேச்சிராஜ் காதுக்கு மட்டும் வைக்கலாம் என்று போனை நீட்டினேன். கை பட்டுச் சத்தம் முழுசாக ஏறியிருந்தது.

"பழசுன்னாலும் பரவால்ல, எட்டு ஜிபியே எடு ஜுஹைனா. நாலுன்னா மழை பெய்யும்போது படம் நின்னு நின்னு வரும்."

"தையல்ல எங்கன மழை பெய்யுது?" என்றார் மாமி.

ஒரு வாய்ஸ் முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் என்பது அந்த நேரத்தில் எனக்கு எங்கே ஞாபகம் வரும்? ஓடியது.

"உம்மாட்ட மட்டும் மூச்சு விட்டுராத. தெரிஞ்சா அதுவும் லாரில ஏறி, நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கிடும்."

பேச்சிராஜ் ஒரு கீபோர்டை எடுத்து இல்லாத தூசியைத் துடைக்க ஆரம்பித்தான். மாமி துப்பட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். என்ன லாரி என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு மணி நேரம் என்பதையும் சொன்னேன். வெளியே ரோட்டில் குற்றாலத்துக் கூட்டம் ஈரத் துண்டோடு போய்க்கொண்டிருந்தது. மாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் சொல்லுதது சரிதான். நான் நடுவுலதான் உக்காருதேன்" என்றார் கடைசியில். பிறகு பேச்சிராஜிடம் திரும்பி, "அந்த ரெண்டு விசிறி வச்சதையே போடுப்பா. மழையில லாரி நிக்கக்கூடாது" என்றார்.

காதில் மாட்டுகிற சாமானை இலவசமாகத் தரவேண்டும் என்று அரை மணி நேரம் பேசி அதையும் வாங்கினார். வீடு வந்து சேரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் பெற்ற தாயை விட்டுவிட்டு லாரி ஏறப் பார்த்தவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாமி நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரெண்டே வார்த்தை என்று சொல்லி ஹெட்செட்டை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டார். ஓட்டுவது நான், பேசுவது அவர். முன்னால் நீல நிறத்தில் என் மனுசனின் லாரி போய்க்கொண்டிருந்தது. பேர் தெரியாத ஏதோ தேசத்து ரோடு. "சாப்டானாம்" என்றார் மாமி என் பக்கம் திரும்பி. "இருமல் கொறஞ்சிருக்காம்." ஆடு விஷயமும் வந்தது. வாங்கிய பாவத்துக்கு நான் லாரியைத் திருப்பத் தெரியாமல் இரண்டு தடவை கம்பித் தடுப்பில் இடித்தேன். முக்கால் மணி நேரம் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. மாமி ஹெட்செட்டைக் கழற்றி என் தலையில் மாட்டி, முடியை ஒதுக்கிக் காதைச் சரி செய்தார்.

"இன்னைக்கு நிறுத்தி நிதானமாத் தொழுவேன். நேரமாவும் ஏட்டி" என்றார். போகும்போது அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அந்த வீட்டில் பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

"உம்மா, என்ன சத்தத்தையே காணோம்?" என்றார் அவர்.

"நான்தான்."

காதில் அவர் மூச்சு கேட்டது. முன்னால் போன லாரி வேகம் குறைந்து, ரோட்டோரமாக ஒதுங்கி நின்றது. பின்விளக்கு இரண்டும் மஞ்சளாக விட்டு விட்டு எரிய ஆரம்பித்தன. நானும் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, அந்த விளக்குக்கு எந்தப் பொத்தான் என்று கீபோர்டில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.