மருந்துக்குக் கேட்காத காயம்

அவள் கணவனின் அண்ணனுக்குக் குடும்பத்தில் 'அரை டாக்டர்' என்று பெயர். மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். யார் தும்மினாலும் கடையில் இருப்பதிலேயே வீரியமான மாத்திரையைக் கிழித்து நீட்டுவார். தம்பி வேலை பார்த்த ஹோட்டலில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து, அவன் தொடையும் வலது கையும் வெந்துபோனபோதும், "ஆஸ்பத்திரி எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று தடுத்தவர் அவர்தான். தினமும் வந்து பச்சை மூடிக் குப்பியிலிருந்து ஓர் ஊசி போட்டுவிட்டுப் போவார். குப்பியை எடுத்துக் கொடுத்தவள் அவள். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

காயத்தில் பச்சையாகச் சீழ் கோத்து அறையே நாறியது. காய்ச்சலில் அவன் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தீக்காயப் பிரிவு டாக்டரம்மா அழுகிய சதையைச் சுரண்டி, கொஞ்சத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும்னு தெரிய ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் இவர் தாங்க மாட்டார். இப்பவே ஒண்ணை நானாத் தேர்ந்தெடுத்து ஆரம்பிக்கணும். வீட்டுல ஏதாவது ஆன்டிபயாடிக் குடுத்தீங்களா?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். வெறும் களிம்புதான்," என்றார் அரை டாக்டர், கொஞ்சமும் நாக்கூசாமல். டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி போட்டது தெரிந்தால் கடைக்குப் பூட்டு விழும். தம்பி உயிரைவிடக் கடை பெரிதாகப் போயிற்று மனுஷனுக்கு.

நர்ஸ் தட்டில் மருந்து கொண்டுவந்தாள். அதே பச்சை மூடி, அதே பெயர். அவள் குறுக்கே பாய்ந்து தட்டைப் பிடித்தாள்.

"அது வேண்டாம் டாக்டர்! இதையேதான் வீட்டுல போட்டோம். தினம் ஒரு ஊசி. இவரோட அண்ணன்தான் போட்டாரு."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வேளை போட வேண்டியது இது. ஒரு வேளை மட்டும் போட்டா, சாகாம மிஞ்சின கிருமியெல்லாம் மருந்துக்குப் பழகிப் பெருகி உட்கார்ந்திருக்கும்." மருந்தை மாற்றி எழுதினார்.

"குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே," என்று வெளியே வந்து பல்லைக் கடித்த அரை டாக்டர், பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. மாமியாரும் போனை எடுக்கவில்லை. பன்னும் டீயுமாக அவள் ஒற்றை ஆளாய்க் கிடந்தாள்.

பரிசோதனை முடிவு வந்தது. பச்சை மூடி மருந்து அந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. மாற்றிய மருந்துக்குக் கேட்கும். அதைக் கேட்டு அவள் அழுதுவிட்டாள். பக்கத்தில் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

காய்ச்சல் இறங்கியது. கண் தெளிந்ததும் அவன் முதலில் கேட்டது அண்ணனைத்தான். அவள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பாவி மனசு எதிர்பார்த்தது.

"டாக்டர் முன்னாடி எங்க அண்ணனைக் காட்டிக் குடுத்தியா? இனி அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அதுக்கு என்னைச் சாக விட்டிருக்கலாம்."

கட்டுப் போட்ட வலது கையை வீசி, அவள் நீட்டிய தம்ளரைத் தட்டிவிட்டான். பால் தரையெல்லாம் ஓடியது.

அவள் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த ஊசியோடு வந்த நர்ஸ், "இன்னைக்கு எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"நேத்து வரைக்கும் அந்தக் கையைத் தூக்கவே முடியல, சிஸ்டர். இன்னைக்கு ஓங்கித் தட்டுறாரு," என்றாள் அவள். "மருந்து நல்லா வேலை செய்யுது."