தூடாவின் ஐந்து தக்ளிகள்

எங்கள் ஊரில் பெண்கள் கம்பளி நூற்பார்கள், ஆண்கள் பின்னுவார்கள். ஆடு மேய்க்க மலையேறுகிறவன் நாள் முழுக்க வேறு என்ன செய்வான்? காலுறை பின்னுவான். குளிர்காலம் வந்தால் பள்ளிவாசல் சுவரில் வெயில் விழும் பக்கமாக வரிசையாக உட்காருவோம். நூலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, கை தன் பாட்டுக்குப் பின்ன, வாய் தன் பாட்டுக்கு ஊர் வம்பு பேசும். அந்த வரிசையில் மோஹாவின் பின்னலுக்குத் தனி மரியாதை. மோஹா நான்தான். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

என் ஐந்து ஊசிகளும் சைக்கிள் சக்கரக் கம்பிகள். நானே வெட்டி, இரண்டு முனையையும் கல்லில் தேய்த்துக் கூராக்கியவை. அவற்றில் பின்னினால் கண்ணிகள் மாதுளை முத்து மாதிரி நெருக்கமாக விழும்.

தம்பி ஹத்தூவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை போடும், முழங்கால் வரை வரும் வெள்ளைக் காலுறைகளை அண்ணன்தான் பின்ன வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பெண் வீட்டார் முகத்தைப் பார்க்கும் முன்பே காலைத்தான் பார்ப்பார்கள். ஒரு காலுக்கானதை முடித்துவிட்டேன். மற்றதைத் தொடங்குவதற்குள், சந்தையிலிருந்து வரும் வழியில் கோவேறு கழுதை என்னை ஓடைக் கற்களில் உருட்டிவிட்டது. வலது மணிக்கட்டு போயிற்று. எலும்பு கட்டுகிறவர் நாணல் பட்டை வைத்து இறுக்கிவிட்டு, "கல்யாணம் முடியறவரைக்கும் இதை அவுத்தே, அப்புறம் கையையே மறந்துடு" என்றார்.

சேதி கேட்டு முதலில் வந்தவன் ஸாயித். சுவரோரம் என் பக்கத்து இடத்துக்காரன். என் பின்னலைப் பார்த்து வயிறெரிவதே அவன் பிழைப்பு.

"கவலைப்படாத மோஹா. இன்னொரு காலை நான் பின்னித் தர்றேன். ஒரு காலு பிரமாதமா இருக்கும், உன் காலு கொஞ்சம் சுமாரா இருக்கும். கூட்டத்துல யாருடா பாக்கப் போறா?"

"டீயைக் குடிச்சமா, கிளம்பினமான்னு இரு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பின்னலைப் பார்த்தே இன்னார் கை என்று சொல்லிவிடுவார்கள். என் தம்பி ஒரு காலில் என்னையும் ஒரு காலில் ஸாயிதையும் மாட்டிக்கொண்டு நிற்பதா? அதற்கு வெறுங்காலோடு நிற்கலாம்.

அவன் தலை மறைந்ததும் என் மனைவி தூடா வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நான் பின்றேன்."

நான் சிரித்தேன்.

"என்ன இளிப்பு? அந்தக் கம்பளியை அலசினது நான், சீவினது நான், நூத்தது நான். கடைசியில நாலு கண்ணி போடுறதுதான் ஆம்பளைங்களோட பெரிய வித்தையா?"

வேறு வழி இல்லை. என் ஐந்து கம்பிகளை எடுத்து அவள் கையில் வைத்தேன். எங்கள் ஊரில் ஒருவன் தன் ஊசியை இன்னொருவருக்குத் தருவதென்றால் சாமானியம் இல்லை. உசத்தியானதைக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். அங்கேதான் என் புத்தி மட்டமாகப் போயிற்று. வழவழவென்ற கம்பியில், பழகாத கையில், கண்ணி நிற்குமா? ஒரு பக்கம் நான்கு ஏற்றினால் மறுபக்கம் ஆறு வழுக்கி விழுந்தது. நான் கத்தினேன். அவள் என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். கடைசியில் ஊசிகள் அடுப்படி வரை பறந்தன.

அடுத்த சந்தைக்குக் கிளம்பினோம். ஊசிக்காரன் முன்னால் தூடா குந்தி, மடியிலிருந்து தான் நூற்ற நூலை எடுத்து ஒவ்வொரு ஊசியிலும் சுற்றி இழுத்துப் பார்த்தாள். இரும்பு வழுக்கியது. அலுமினியமும் வழுக்கியது. பிளாஸ்டிக் ஊசி நூலை விடவே மாட்டேன் என்றது.

"இது ஃபெஸ் பட்டணத்துலேர்ந்து வந்த சரக்கு அக்கா, பெரிய கைக்காரங்க எல்லாம் இதைத்தான் கேட்டு வாங்குறாங்க."

"பெரிய கைக்காரங்ககிட்டயே வித்துக்கோ. எனக்குப் புதுக் கைக்கு வேணும்."

வெறுங்கையோடு திரும்பினோம். கல்யாணத்தில் மானம் போகப்போகிறது என்று நான் வழியெல்லாம் புலம்பினேன். வீட்டுக்கு வந்தவள் பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினாள். உள்ளே அவளுடைய பழைய தக்ளிகள், நூல் முறுக்கும் மரக்குச்சிகள். சிறுமியாக நூற்கத் தொடங்கிய நாளிலிருந்து பயன்படுத்தியவை. கம்பளியின் எண்ணெய் ஊறி, மரம் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. ஐந்தைத் தேர்ந்தெடுத்து, வட்டுகளைக் கழற்றி, மறுமுனைகளையும் கூராகச் சீவினாள்.

"இந்த மரத்துக்கு என் நூலைத் தெரியும்" என்றாள்.

தெரிந்துதான் இருந்தது. ஏற்றிய கண்ணி ஏற்றிய இடத்தில் நின்றது. நான் வாயால் சொல்ல, அவள் விரல் கேட்டுக்கொண்டது. சீக்கிரமே என் வாய் தேவைப்படவில்லை. காலுறை முடிந்தபோது எடுத்து விளக்கருகே பிடித்தேன். தக்ளி என் கம்பியைவிடப் பருமன் என்பதால் பின்னல் பெரிது பெரிதாக, பஞ்சுபோல விழுந்திருந்தது. ஆனால் ஒரு கண்ணி கோணல் இல்லை. அழகு. என் காலுறையோடு சேர்த்து வைத்தால்தான் குதிரைக்காலும் ஆட்டுக்காலும் மாதிரி இருந்தது.

தூடா என் காலுறையையே பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. இன்னும் ஒன்றுக்கு வேண்டிய வெள்ளை நூல் வீட்டில் இல்லை. புதிதாக நூற்க நாளும் இல்லை. இருக்கும் நூல் என் பின்னலில்தான் இருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், அழுகை வந்தது. பிறகு இடது கையால் நானே நூல் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்து, என் காலுறையைப் பிரித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று ஹத்தூ காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பெண் வீட்டுப் பெரியவர் குனிந்து காலுறையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "யாரு கை இது? இந்தப் பக்கத்துல நான் பாத்ததே இல்லையே!"

"எங்க மோஹாதான்" என்று ஸாயித் முந்திக்கொண்டான், கண்ணில் குறும்போடு. "கழுதை தள்ளினதுல கை திருந்திடுச்சு போல."

நான் பேசாமல் இருந்தால் பெயர் எனக்குத்தான். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, மேளத்துக்கு மேலே கத்தினேன்.

"இந்தக் கையாலயா? என் பொண்டாட்டி தூடா பின்னினதுய்யா! ரெண்டு காலும்! அவளே நூத்த நூலு, அவ தக்ளியிலேயே பின்னினா!"

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த குலவையில் மேளமே நின்றுவிட்டது. பெரியவர் தூடா இருந்த பக்கம் திரும்பி நெஞ்சில் கைவைத்தார். என் பின்னலுக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை. எனக்கு ஓரடி உயரம் கூடியது போல இருந்தது.

கட்டு அவிழ்த்தபின் கம்பிகளை எடுத்தேன். மணிக்கட்டு மரக்கட்டையாக இருந்தது. ஒவ்வொரு கண்ணியாக வழுக்கி மடியில் விழுந்தது. தூடா பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொட்டி தட்டிய கையைத் துடைத்துக்கொண்டு, தன் ஐந்து தக்ளிகளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"புதுக் கைக்கு இதுதான் தோது. பத்திரம். உடைச்சே, பாத்துக்க."

அவற்றை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தேன்.

"என்னடா, பொம்பள ஊசியோட வந்திருக்க?" என்றான் ஸாயித்.

"ஆமாடா, தூடாவோடது. தொட்டுப் பாக்கணும்னா கையைக் கழுவிட்டு வா."