சந்தையில் ஒரு சாண் உயரம்

நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அரசம்பாளையத்தில் அவர்களுடைய கால்களிலேயே தெரிந்துவிடும். நம்பிக்கை கூடினால் தரையை விட்டு எழும்புவார்கள், குறைந்தால் இறங்குவார்கள். மாதாமாதம் சந்தைக்கு வந்து, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே தையல் நாடாவைப் பிடித்து அளப்பது ரெஜினாவின் வேலை.

இந்த மாதம் சராசரி ஒரு சாணாவது வர வேண்டும். வராவிட்டால் சந்தையை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. ரெஜினாவின் தங்கை ஜெபமணி பூக்கடை வைத்திருந்ததும் அதே சந்தையில்தான்.

காலையிலிருந்து ரெஜினா குனிந்து குனிந்து பார்த்தாள். ஒரு கால்கூட எழும்பவில்லை. பாத்திரக் கடையில் பேச்சியம்மாள் ஓர் இட்லிப் பானைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஊர்ப்பட்ட சோகம். தோளில் தொங்கிய பை மட்டும் அளவுக்கு மீறிக் கனத்தது. ரெஜினா எட்டிப் பார்த்தாள். உள்ளே அம்மிக்குழவி.

"சத்தம் போடாதே தாயி," என்றார் பேச்சியம்மாள் காதோடு. "நான் மிதக்கிறதைப் பார்த்தா இந்த மனுசன் விலையை ஏத்திருவாரு."

கடைக்காரர் சையதும் சும்மா இல்லை. தான் எழும்பினால் கொள்ளை லாபம் என்று வாங்குபவர்கள் கண்டுகொள்வார்களே என்று, கல்லாப்பெட்டியோடு இடுப்பைக் கட்டியிருந்தார். சந்தை முழுக்க இதே ஏற்பாடுதான்.

பேரம் படியும்வரை அளப்பதில் பயனில்லை என்று ரெஜினாவுக்குப் புரிந்தது. நாடாவைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒருவழியாகப் பேரம் படிந்தது. பானை கைமாறியதும், "பெரியம்மா, பையை நான் வச்சிக்கிறேன்," என்று வாங்கிக்கொண்டாள்.

பேச்சியம்மாள் பானையோடு விர்ரென்று எழும்பினார். அவரை ஏமாற்றிவிட்ட பூரிப்பில் சையதும் கட்டை அவிழ்த்துக்கொண்டு எழும்பினார். அதைப் பார்த்து மீன்கடை, வெங்காயக்கடை, வளையல் கடை என்று வரிசையாகப் பேரத்தை முடித்துக்கொண்டு எல்லாரும் மேலே கிளம்பினார்கள். நாடா எட்டவில்லை. மேலே போய்விட்ட ஜெபமணி மல்லிகைச் சரத்தைத் தரைவரை தொங்கவிட்டு, தானே முழம் போட்டுச் சொன்னாள். பூக்காரியின் குட்டை முழம் என்பதால் கணக்கு இன்னும் கூடியது. சந்தை பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மிக்குழவி கைநழுவ, ரெஜினாவும் மேலே போய்ச் சேர்ந்தாள்.

அங்கே ஒரு மழைமேகம் கடை விரித்திருந்தது. பேச்சியம்மாள் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்டார். கட்டுப்படியாகாது என்றது மேகம். அவர் விறுவிறுவென்று அடுத்த மேகத்தைப் பார்க்க நடந்தார்.

"பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க," என்று மேகம் கூப்பிட்டது. "வாங்க, பேசிக்கலாம்."