நத்தை ஓடு

டக் என்று சத்தம் கேட்டு அமிர்தம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நேற்று சூளையிலிருந்து எடுத்து அடுக்கிய முளைப்பாரிச் சட்டிகளில் இன்னொன்றின் வயிற்றில் சில்லு பெயர்ந்திருந்தது. யாரும் தொடவில்லை. பூனைகூட அந்தப் பக்கம் போகவில்லை. காலையிலிருந்து இப்படித்தான், சும்மா இருக்கிற சட்டி தானாக வெடிக்கிறது.

கீரப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு அலுமினியம் புகுந்த பிறகு அவள் புருஷன் கொளஞ்சி சக்கரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பண்ருட்டிக்கு லாரியில் மூட்டை ஏற்றப் போனவன். எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்து போவான். இந்த அறுபத்தைந்தாம் வருஷத்து ஆடிக்கு மாரியம்மனுக்குச் சட்டி செய்ய ஆளில்லை என்று பூசாரி வந்து நின்றபோது, அமிர்தம்தான் அழுது அடம்பிடித்து அவனைத் திரும்பச் சக்கரத்தில் உட்காரவைத்தாள். "இந்த ஒரு சூளைதான். சரியா வரலன்னா நான் பண்ருட்டியிலயே இருந்துக்குறேன், கூப்புடாத" என்றிருந்தான். சொன்னால் சொன்னதுதான், அப்படி ஒரு வீம்பு பிடித்த மனுஷன்.

சில்லை எடுத்துப் பார்த்தாள். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. நாக்கில் வைத்ததும் சுரீரென்றது. வழக்கமாக மண் எடுக்கிற ஏரிப் பள்ளத்தில் தண்ணீர் நின்றதால் வயல் மண்ணை வெட்டி வந்திருந்தார்கள். கல் பொறுக்கினார்கள், வேர் பொறுக்கினார்கள். மிதிபட்டு நொறுங்கின நத்தை ஓட்டை யார் கண்டது? அது சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, இப்போது ஈரக் காற்றில் உள்ளுக்குள்ளேயே பூத்து வெடிக்கிறது.

கொளஞ்சி சட்டையை மாட்டிப் பையைத் தோளில் போட்டிருந்தான்.

"நாளைக்குப் பூசாரி வந்தா நீயே பதில் சொல்லு. பயிரு வச்ச பொறவு ஒண்ணு வெடிச்சாலும் ஊரே காறித் துப்பும்."

"செத்த நில்லுய்யா. வெடிக்கிறதெல்லாம் இப்பவே வெடிச்சித் தொலையட்டும்."

சட்டிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு குளத்துக்கு ஓடினாள். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் அப்போதே கொதித்து அடங்கிவிடும். சட்டிக்குள் இருப்பதும் அப்படி அடங்குமா என்று அவளுக்குத் தெரியாது. வேறு வழியும் தெரியவில்லை. திரும்பத் திரும்ப ஓடி எல்லாவற்றையும் கொண்டுவந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக முக்கித் தரையில் இறக்கினாள். "ஆத்தா, ஒனக்குத்தானடி செஞ்சது, பாத்துக்கிட்டு நிக்கிறியே" என்று வாய்விட்டு அழுதாள்.

காலடியில் ஒன்று விண்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கிற சட்டிகளிலிருந்து குமிழ்கள் மட்டும் ஏறி வந்துகொண்டிருந்தன. அமிர்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் தண்ணீர் அசைந்தது. திரும்பினாள். கொளஞ்சி ஒரு காலைக் குளத்தில் வைத்து, குனிந்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பை இன்னும் தோளில்தான் தொங்கியது.