வால் முதலில் இடித்தது

1981 ஆனி மாதத்தில் மூன்று நாட்களாகச் சேவூரை ஒட்டி, வறண்டு கிடந்த ஆற்று மணலுக்கு மேல் ஒரு சின்ன ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. கரையோர வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த உண்ணாமலையால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரிதான் செய்தது. உயரத்தில் வரும்போதே இரைச்சல் அடங்கிவிடும். இறக்கை மட்டும் சுற்ற, சரசரவென்று இறங்கும். மணலை நெருங்கியதும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும். உடனே இரைச்சல் திரும்பும், எழும்பிப் போய்விடும்.

"கெட்டுப்போன வண்டிய எதுக்குடி திரும்பத் திரும்ப ஓட்டிகினு கீறாங்க?" என்று பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஜெயத்திடம் கேட்டாள்.

"உனுக்கு இன்னாத்துக்கு அது? களைய எடு."

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் அது கரைக்கு மிக அருகில் இறங்கியது. மூக்கைத் தூக்கியபோது வால் கரைமேட்டில் இடித்து முறிந்தது. ஹெலிகாப்டர் ஒருமுறை சுழன்று மணலில் பக்கவாட்டில் சாய்ந்தது. உண்ணாமலை ஓடினாள், பின்னாலேயே ஜெயமும். மூத்த பைலட் நெற்றியில் ரத்தம் வழியத் தானே வெளியே வந்துவிட்டார். அவரிடம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த இளைஞனால் எழுந்திருக்க முடியவில்லை. பெண்கள் இருவரும் அவனை இழுத்து வந்து மேட்டில் கிடத்தினார்கள்.

பத்து நாள் கழித்து, சாலமோன் என்ற விசாரணை அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். வயலின் சொந்தக்காரர் சிவப்பிரகாசம் மோட்டார் கொட்டகையில் அவருக்கு நாற்காலி போட்டார்.

"இன்ஜின் நின்னுபோச்சு சார். கருப்பா பொகை வந்துச்சு. ஊரே பாத்துது" என்றார் சிவப்பிரகாசம். சம்பவத்தன்று அவர் ஆரணியில் இருந்தார்.

உண்ணாமலை வெளியே நின்றிருந்தாள். பேசாமல் இருந்தால் நாளைக்கும் அந்த வயலில் வேலை உண்டு. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"பொகை வர்லீங்க."

சிவப்பிரகாசம் முறைத்தார். சாலமோன் பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்கம்மா."

"மூணு நாளா பாத்தேன் சார். சத்தம் கொறையும், அப்புறம் வரும். அன்னிக்கும் சத்தம் திரும்பி வந்துச்சு. வந்த பெறவுதான் வாலு இடிச்சுது. மத்த தடவ மூக்கு அந்தப் பனமரத்து உசரத்துல தூக்கும். அன்னிக்கு ரொம்பக் கீழ வந்துதான் தூக்குச்சு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"சத்தம் எதுக்கு சார் கொறையுது?"

"வானத்துல இன்ஜின் நின்னுட்டா எப்படி எறங்கறதுன்னு பழகறாங்க. அதுக்காக அவங்களே கொறைச்சிடுவாங்க. விழற வேகத்துல காத்தே எறக்கையச் சுத்தும்."

"பொழைக்கறதுக்குப் பழகப் போயித்தான் இப்படி ஆச்சா?" உண்ணாமலை சற்று யோசித்தாள். "நான் சொன்னதால அந்தப் புள்ளைக்கு வேலை பூடுமா?"

"தெரியலம்மா. ஆனா பழிய இன்ஜின் மேல போட்டுட்டா, நாளைக்கு இன்னொருத்தன் இதே மாதிரி விழுவான்."

அதன்பின் இரண்டு வாரம் சிவப்பிரகாசம் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. நடவுக்கு ஆள் போதாமல் போனபோது ஜெயத்திடம் சொல்லி அனுப்பினார். உண்ணாமலையும் போனாள்.

கார்த்திகையில் ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆரணி பஸ்ஸிலிருந்து ஓர் இளைஞன் கைத்தடியோடு இறங்கி உண்ணாமலையின் வீட்டை விசாரித்து வந்தான். பெயர் மைக்கேல்ராஜ். அவள் இழுத்து வந்தவன்.

"வேலை போயிடுச்சாப்பா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"இல்லீங்க. முதுகு சரியானதும் மறுபடி பழகணும். இப்பல்லாம் தரை வரைக்கும் வர வேணாம், உயரத்துலயே எழுப்பிடணும்னு சொல்லிட்டாங்க." அவன் தயங்கினான். "அன்னிக்கு உள்ள இருந்து எனக்கு ஒண்ணுமே புரியலங்க. வெளிய இருந்து பாத்தவங்க நீங்கதான். நான் இன்னா பண்ணேன்?"

உண்ணாமலை முழங்கையை மடக்கி, உள்ளங்கையைச் சாய்த்து இறக்கிக் காட்டினாள். "இங்க தூக்கியிருக்கணும். நீ இங்க தூக்கினே."

"இன்னொரு வாட்டி காட்டுங்க."

மூன்று முறை காட்டினாள். அவனும் தன் கையால் செய்து பார்த்தான்.

பிறகு அவள் அவனுக்கு எதிரே வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "சரி, இப்ப நீ சொல்லு. மேல இருந்து பாத்தா எங்க வயலு எப்படித் தெரியுது? நான் குனிஞ்சி களை எடுக்கறது தெரிஞ்சுதா?"